கோடை மழையில் வேலூர் சுற்ற: காலையில் வெட்டவெளி, மூன்று மணிக்கு மேல் கூரை

வேலூரில் கோடை மழை பெரும்பாலும் நேரம் பார்த்துத்தான் வரும். மே மாதக் கத்திரி வெயிலானாலும் சரி, அதற்குப் பின் செப்டம்பர் வரை நீளும் தென்மேற்குப் பருவமானாலும் சரி, பொழுது பளிச்சென்று விடியும். பதினொரு மணிக்குப் புழுக்கம் ஏறும். மூன்று, நான்கு மணிக்கு மேல் மேற்கே கறுக்கும். சாயங்காலமோ இரவோ இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் காலை எதுவும் நடக்காதது போல வெயிலடிக்கும். ஆகவே செல்போனில் மூன்று நாளும் மேகப் படம் தெரிகிறதே என்று ரூமை ரத்து செய்ய வேண்டாம். ஊர் சுற்றும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். எட்டரைக்கு எழுந்து, டிபன் முடித்து, பத்தரைக்குக் கிளம்பிக் கடைவீதி போவார்கள். மதியம் பிரியாணி, கொஞ்சம் தூக்கம், நாலு மணிக்குக் கோட்டை. நாள் முழுதும் காய்ந்து கிடந்த கோட்டைக்கு மழையும் அதே நாலு மணிக்குத்தான் வருகிறது. கோட்டைக்குள் பெரும்பகுதி திறந்தவெளி, நடுவில் ஒதுங்க இடம் குறைவு. மியூசியம் ஐந்து மணிக்குச் சாத்திவிடும். கோயில் மதியம் ஒரு மணி வாக்கில் நடை சாத்தி, மூன்று மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். இந்தக் கடிகாரங்களையும் மழையின் கடிகாரத்தையும் பொருத்திப் பார்ப்பதுதான் திட்டமே.

எந்த மழை என்று முதலில் பாருங்கள்

மழையில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று இடி மழை. பகல் சூட்டில் காற்று மேலெழும். கிழக்கே கடலிலிருந்து கிளம்பும் காற்று பிற்பகலில் ராணிப்பேட்டை, வேலூர் வரை உள்ளே வந்து மேற்குக் காற்றோடு முட்டும். ஜவ்வாது மலையும் சித்தூர்ப் பக்கத்து மலைகளும் அதை இன்னும் மேலே தள்ளிவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓயும். இன்னொன்று வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போது வரும் அடைமழை. வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், காலையிலேயே தூறல், இடி அதிகம் இருக்காது. கோடையில் இது குறைவு. வந்தால் மட்டும் காலை, மாலைக் கணக்கெல்லாம் செல்லாது. அன்றைக்குக் கூரை உள்ள இடங்கள் மட்டும்தான்.

வானிலை மையம் சொல்லும் சொற்களுக்கு அளவு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழை 12 முதல் 20. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் ஊர் சுற்றலாம், வானத்தைப் பார்த்துக்கொண்டு. ஆரஞ்சு என்றால் மலையையும் ஆற்றையும் விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே இருங்கள். சிவப்பு என்றால் ரூமில் படுத்துத் தூங்குங்கள்.

முன்னறிவிப்பை விட உதவுவது ரேடார். வானிலை மையத்தின் தளத்தில் சென்னை ரேடார் படம் இருக்கிறது. வேலூர் அதன் எல்லைக்குள்தான் வரும். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து அரை மணிக்கொரு தரம் திறந்து பாருங்கள். பார்க்க வேண்டியது வேலூரை அல்ல, அதற்கு மேற்கே: பலமநேர், சித்தூர், குடியாத்தம், ஆம்பூர். இடி மேகங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிழக்கே நகரும். குடியாத்தத்தின் மேல் சிவப்புத் திட்டு தெரிந்தால் உங்கள் கையில் ஒரு மணி நேரம் இருக்கலாம், குறையவும் செய்யலாம். சில நாள் அதே திட்டு வேலூரைத் தொடாமல் சோளிங்கர் பக்கம் ஒதுங்கிப் போய்விடும். மின்னலுக்குத் ‘தாமினி’ என்ற செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி எங்கே மின்னல் இறங்குகிறது என்று காட்டும்.

செல்போன் இல்லாமலும் தெரிந்துகொள்ளலாம். அதுவரை அசையாமல் இருந்த காற்று திடீரென்று சில்லென்று வீசித் தெருவில் புழுதியைக் கிளப்பினால், மழை பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். கடைக்காரர்கள் வெளியே தொங்கும் பொருளை உள்ளே இழுக்க ஆரம்பித்தால் நீங்களும் உள்ளே போய்விடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்துவிட்டால் திறந்தவெளி வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வெளியே வாருங்கள்.

பையில் என்ன

மடக்குக் குடை வேலூர் இடி மழைக்கு ஆகாது. முதல் சூறைக்காற்றில் மேல்பக்கம் மடங்கிக் கம்பி உடையும். நீளக் குடை ஒன்றும், ஆளுக்கொரு மெல்லிய ரெயின்கோட்டும் வையுங்கள். இடியிருக்கும் நேரத்தில் திறந்தவெளியில் குடை பிடித்து நடக்கவே கூடாது. குடை தூறலுக்கு, ரெயின்கோட் ஆட்டோவுக்கு. ஆட்டோவின் பக்கவாட்டுத் திரை எப்போதும் ஒரு பக்கம் கிழிந்திருக்கும்.

செருப்புதான் பெரிய விஷயம். இங்கே பார்க்கப் போகும் இடங்களில் பாதி கோயில், வாசலில் கழற்றிவிட வேண்டும். தோல் செருப்பு ஒரு மணி நேரம் நனைந்தால் வார் பிய்ந்துகொள்ளும். தோலுக்குப் பேர்போன ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்கின்றன, வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மழைக்கு அதைப் போடாதீர்கள். தேய்ந்த ஹவாய் செருப்பு ஈரக் கருங்கல்லில் சறுக்கும். பின்வார் உள்ள ரப்பர் செருப்பு, அடியில் நல்ல பள்ளம் வெட்டியது, அதுதான் சரி. கோயில் வாசலில் விடும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது செருப்புக்குள் அரை டம்ளர் தண்ணீர் நிற்கும்.

ஆளுக்கொரு சின்னத் துண்டு, கால் துடைக்க. சின்ன டார்ச் ஒன்று, ஏன் என்று பின்னால் சொல்கிறோம். செல்போனுக்கு ஜிப் கவர், பவர் பேங்க். பத்து, இருபது, ஐம்பதாக ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை. பெரிய இடி மழையில் கரண்ட் போகும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் தள்ளாடும், டீக்கடையில் ஸ்கேன் செய்துவிட்டுப் பணம் போனதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் மறுநாள் வரை காயாது.

முதல் நாள்: கோட்டை

காலை ஆறு மணிக்கு அகழிக்கரையில் இருங்கள். ஊர்க்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வரும் நேரம் அது. முந்தின இரவு மழை பெய்திருந்தால் கருங்கல் மதில் ஈரத்தில் கன்னங்கரேலென்று இருக்கும், அகழித் தண்ணீரில் தலைகீழாக விழும். படமெடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. கோட்டையின் பரப்பு 133 ஏக்கர் என்பதால் சுற்றிவர அவசரப்படாதீர்கள். மதில் மேல் ஏறும் சரிவுகளில் பாசி பிடித்திருக்கும். பாசியின் மேல் ஒரு காலை வைத்து மற்றதைத் தூக்கும்போதுதான் ஆள் விழுகிறார். பாதத்தை முழுக்கப் பதித்து, சின்னச் சின்ன அடியாக ஏறுங்கள். இறங்கும்போது பக்கவாட்டாக. குழந்தைகளை மதில் விளிம்புக்கு விடாதீர்கள்.

ஏழு மணிக்கு ஜலகண்டேஸ்வரர் கோயில். கோட்டை பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் கட்டியது. கோயிலும் அந்தக் காலத்து வேலை. நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்து, 1981-ல்தான் லிங்கம் மறுபடி வைக்கப்பட்டது. ‘சாமியில்லாத கோயில்’ என்று வேலூரைக் கேலி செய்த பழைய சொலவடை அன்றோடு செல்லாமல் போயிற்று. அதே சொலவடையில் ‘நீரில்லாத ஆறு’ என்று வரும் பாலாற்றை மழை அவ்வப்போது பொய்யாக்கும். தண்ணீர் இந்தக் கோயிலை லேசில் விடாது, பேரிலேயே ஜலம் இருக்கிறது. 2021 வடகிழக்குப் பருவத்தில் அகழி நிரம்பிக் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் வந்து நின்றது. கோடை இடி மழையில் அந்த அளவுக்கு வராது. பிரகாரத்தில் கணுக்கால் வரை தேங்கினால் தேங்கும், கொஞ்ச நேரத்தில் வடியும்.

தெற்குக் கோபுரத்தில் நுழைந்ததும் இடது கையில், வெளிப் பிரகாரத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கல்யாண மண்டபம். வேலூர் வந்து ஒரே ஒரு இடம் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். கூரை உள்ள இடம் என்பதால் மழைக்கும் தோது. ஒரே நிபந்தனை, வெளிச்சம். மேகமூட்டத்தில் உள்தூண்கள் இருட்டிவிடும். அதற்குத்தான் டார்ச். நேரே அடித்தால் சிற்பம் தட்டையாகத் தெரியும். டார்ச்சைத் தூணுக்கு ஓரமாக, தோள் உயரத்தில் பக்கவாட்டாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். நிழல் விழ விழ, குதிரையின் சேணத்துத் தையல், வீரன் பிடித்த கடிவாளம், யாளியின் வாய்க்குள் இருக்கும் பல் என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும். சந்நிதிப் பக்கம் டார்ச்சும் வேண்டாம், செல்போனும் வேண்டாம்.

தேடிப் பார்க்க இரண்டு. ஒன்று ரிஷபகுஞ்சரம்: காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் மற்றது முழு மிருகமாகத் தெரியும். கையை மாற்றினால் காளையின் கொம்பு யானைக்குத் தந்தமாகிவிடும். குழந்தைகளுக்கு இதைக் காட்டிவிட்டால் அரை மணி நேரம் நிம்மதி. இன்னொன்று கூரையின் நடுவே, பூவைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம்.

எட்டரைக்கு வெளியே வந்து டிபன். ஒன்பதரைக்கு மியூசியம் திறக்கும். அரசு அருங்காட்சியகம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வாரக் கடைசியில் வருகிறவர்கள் இந்த இரண்டாம் சனியை மறந்துவிட்டுப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது வழக்கம். உள்ளே நடுகற்களையும் பழைய இரட்டை உணர்கொம்பு வெண்கல வாளையும் (பிடியின் முனை பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டாகப் பிரிந்திருக்கும்) தவறவிடாதீர்கள். கண்டியின் கடைசி அரசன் விக்கிரமராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையும் இங்கே இருக்கிறது. பிரிட்டிஷார் அவரை 1816-ல் இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832-ல் சாகும் வரை அவருக்கு இங்கேதான் சிறை. சதுரங்கப் பலகையைப் பார்த்துவிட்டு, பாலாற்றுப் பக்கம் இருக்கும் அவருடைய சமாதியான முத்து மண்டபத்துக்கு ஆட்டோவில் போனால் கதை முழுமையாகும். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடக் கூடிய வேலை.

1806 ஜூலை 10-ம் தேதி இந்தக் கோட்டைக்குள் வெடித்த சிப்பாய்ப் புரட்சிக்கான நினைவுத்தூண் மக்கான் சிக்னல் அருகே நிற்கிறது. புதுத் தலைப்பாகை, தாடிக்குத் தடை, நெற்றிக்குறிக்குத் தடை என்று தொடங்கிய கலகம். 1857-க்கு 51 ஆண்டு முந்தியது. அதை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார், தூரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இன்றைக்கு அதே தூரத்தை மழையில் பஸ்ஸில் கடக்க ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தூணை ஆட்டோவில் போகிற போக்கில் பார்த்தால் போதும், நெரிசலான சந்திப்பு.

மதியம் சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்கு வானம் தெளிவாக இருந்தால் கடைவீதி. கறுத்திருந்தால் மறுபடி கோயில் மண்டபத்துக்கே போய் உட்காருங்கள். கோபுரத்தின் மேல் மழை விழுந்து பிரகாரத்துக் கல்லில் தெறிப்பதைக் கூரைக்குள்ளிருந்து பார்க்கலாம். சத்துவாச்சாரிப் பக்கம் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, பிள்ளைகளோடு வந்தவர்களுக்கு அது மாற்று.

மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகச் சாயங்காலம் வரை காத்திருக்கும் துணையாட்கள் நிறையப் பேர். சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து கோட்டை நடக்கிற தூரம்தான். நோயாளியைத் திறந்தவெளிக்கு அழைத்துப் போக வேண்டாம். துணைக்கு இருவர் இருந்தால் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் கோயிலுக்குப் போய்வாருங்கள், மூன்று மணிக்கு முன்னால்.

இரண்டாம் நாள்: காலையில் விரிஞ்சிபுரம், சாயங்காலம் ஸ்ரீபுரம்

விரிஞ்சிபுரம் மதிலழகு என்பார்கள். வேலூருக்கு மேற்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே. மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் மதிலைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு உள்ளே போங்கள். சிங்கத்தின் வாய் வழியாக இறங்கும் சிம்மக் குளம் இருக்கிறது. மழைநாளில் எட்டிப் பார்க்கலாம், படியில் கால் வைக்காதீர்கள். பிரகாரத்தில் மணி காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டமாக எண்கள் வெட்டியிருக்கும். அதன் மேல் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. இது வேலை செய்ய வெயில் வேண்டும். இந்த ஒரு கல்லுக்காகவே இந்தக் கோயிலைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்றால் வெயிலும் இருக்கும், தரையும் காலைச் சுடாது. மேகம் மூடிய நாளில் கல் சும்மா கல்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்ரீபுரம் தங்கக் கோயில். ஊருக்குத் தெற்கே திருமலைக்கோடி, எட்டு கிலோமீட்டர் வாக்கில். 2007 ஆகஸ்டில் திறந்தது. ஏறக்குறைய 1,500 கிலோ தங்கம் என்று சொல்லப்படுகிறது. மழைக்கு இது ஏன் நல்ல இடம் என்றால், நட்சத்திர வடிவில் சுற்றிச் சுற்றிப் போகும் அந்த நீண்ட நடைபாதை கூரை போட்டது. ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நனையாமல் நடக்கலாம். ஆனால் வெறுங்காலோடு. காற்று சாரலை உள்ளே அடித்தால் வழுவழுப்பான தரை ஈரமாகிவிடும். வயதானவர்கள் கைப்பிடியை விடாமல் நடக்கட்டும், அவசரக்காரர்களை முன்னே விட்டுவிடுங்கள். மெல்லப் போய் வர இரண்டரை மணி நேரம். ஆறரைக்கு விளக்கு போட்ட பிறகு, ஓய்ந்த மழையில் சுற்றியிருக்கும் தண்ணீரில் தங்கம் கலங்கித் தெரியும். பளீரென்ற பகலில் பார்ப்பதை விட இது கண்ணுக்கு இதம்.

இங்கே தவறுவது மூன்று இடத்தில். மழைக்கு வசதி என்று அரைக்கால் சட்டையில் போனால் உள்ளே விட மாட்டார்கள். வேட்டியோ முழு பேன்ட்டோ, புடவையோ சுடிதாரோ வேண்டும். செல்போனை வெளியே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்புறம் ரேடாரும் இல்லை, ஆட்டோக்காரரைக் கூப்பிடவும் வழியில்லை. ஆகவே இறங்கும்போதே பேசிவிடுங்கள்:

“அண்ணே, ஏழு மணிக்கு வந்துடுவோம். மழை பெஞ்சா எங்க நிப்பீங்க?”

“இதோ இந்த டீக்கடைங்க. வண்டி நம்பரைப் பார்த்து வச்சிக்கோங்க.”

“வெயிட்டிங்கோட சேர்த்து எவ்ளோ? இப்பவே சொல்லிடுங்க, மழைன்னு அப்புறம் ஏத்தக் கூடாது.”

மூன்றாவது, கூட்டம். மழை பிடித்ததும் எல்லோரும் கூரைக்குள் ஒதுங்குவதால் வரிசை நகராது. கைக்குழந்தை இருந்தால் பால், பிஸ்கட்டை உள்ளே போகுமுன் கொடுத்து முடித்துவிடுங்கள்.

மலையும் அருவியும்

ஏலகிரி வேலூரிலிருந்து 90 கிலோமீட்டர் வாக்கில், 14 கொண்டை ஊசி வளைவு. முந்தின இரவு கனமழை பெய்திருந்தால் அன்று வேண்டாம். மண் ஊறியிருக்கும், வளைவில் கல் உருளும். காய்ந்த காலையாக இருந்தால் ஆறு மணிக்குக் கிளம்பி, மதியம் ஒரு மணிக்கு மலையை விட்டு இறங்கிவிடுங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குவது மலைப்பாதை வழக்கம். ஈரத்தில் பிரேக்கை நம்பி நியூட்ரலில் விடாதீர்கள். வழியில் ஆம்பூரில் பிரியாணியும் கத்திரிக்காயும். சீரகச் சம்பா அரிசிக்குப் பசி நேரம்தான் சரியான நேரம், மழையெல்லாம் பார்க்காது.

அமிர்தி 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையடிவாரம். கோடையில் சும்மா கிடக்கும் அருவி மழைக்குப் பிறகுதான் விழும். ஆசை வருவதும் ஆபத்து வருவதும் ஒரே நாளில். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் மேலே மலையில் பெய்த தண்ணீர் சற்று நேரம் கழித்து வரும். தெளிந்து ஓடிய நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறுங்கள், துணியை எடுக்க நிற்காதீர்கள். வனத்துறை வழியை மூடியிருந்தால் கெஞ்சாமல் திரும்பிவிடுங்கள்.

காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. மேகத்துக்கு மேல் அது பார்க்காது. இந்த மாதங்களில் நட்சத்திரத்துக்காக அங்கே போவது வீண். சோளிங்கர் நரசிம்மர் மலைக்கோயிலுக்கு 1,305 படி ஏற முடியாதவர்களுக்கு ரோப் கார் வந்துவிட்டது. காற்றும் இடியும் இருந்தால் அதை நிறுத்திவிடுவார்கள், ஆகவே அதுவும் காலை வேலைதான். கோட்டைக்கு எதிரே தெரியும் மொட்டை மலைகளில் ஏறுவதை மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள். மரமில்லாத மலையில் உயரமான பொருள் நீங்கள்தான், மின்னலுக்கு அது போதும்.

தண்ணீர் நிற்கும் இடங்கள்

ஊருக்குள் கொட்டி அரை மணி நேரத்தில் கிரீன் சர்க்கிள் சுற்றிலும் வண்டி நின்றுவிடும். நிக்கல்சன் கால்வாய் ஓரத் தெருக்களிலும் கன்சால்பேட்டையிலும் தண்ணீர் ஏறும். நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகள் கடைசியாக வடியும். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்தான் முதுகெலும்பு. கோட்டை, சி.எம்.சி. எல்லாம் அந்த வழியில் வரும். மழையில் ஆப் ஆட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் ரத்து செய்துவிடுவார்கள். டவுன் பஸ்ஸில் ஏறிவிடுவது மேல்.

தேங்கிய தண்ணீரில் நடக்க வேண்டிவந்தால் நடுரோட்டில், பஸ் போன தடத்தில் நடங்கள். ஓரத்தில்தான் மூடியில்லாத சாக்கடை இருக்கும். மின்கம்பத்தையோ அதன் இழுகம்பியையோ பிடிக்காதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். ரூமுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்கள்.

ஊருக்கு வெளியே தரைப்பாலங்கள்தான் ஆளைத் தின்பவை. பாலாறு, பொன்னை ஆறு, கவுண்டன்யா எல்லாம் வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடப்பவை. ஆந்திராப் பக்கம் பெய்தால் இங்கே தூறல் கூட இல்லாத நாளில் வெள்ளம் வரும். அரை அடி உயரத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும். ஒரு அடி, சின்னக் காரை மிதக்க வைக்கும். முன்னால் லாரி போயிற்றே என்று பின்னால் போகாதீர்கள், லாரியின் எடை வேறு. அவசரத்துக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

நனைந்த பிறகு

துணியைப் பிழிந்ததும் உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். அப்புறம் ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டால், காற்று குறுக்கே வீசிச் சீக்கிரம் காயும். ஷூவுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மாற்றுங்கள். ஹேர் டிரையரைச் செல்போன் மேல் காட்டாதீர்கள். அணைத்துவிட்டு, சார்ஜ் ஓட்டையைக் கீழே பார்க்கச் சாய்த்து வைத்துக் காலை வரை விட்டுவிடுங்கள். ஈர ஓட்டையில் சார்ஜரைச் சொருகுவதில்தான் பல போன்கள் போகின்றன.

ஊர் திரும்பும் நாளில் காட்பாடி ஸ்டேஷனுக்கு வேலூரிலிருந்து சாதாரணமாக அரை மணி. சாயங்கால ரயிலுக்கு மழை நாளில் ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள், அல்லது இரண்டு மணிக்கு முன்னால் போகும் ரயிலாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஆற்காட்டு மக்கன் பேடா வாங்குவதாக இருந்தால் ஜீராவை வடிகட்டி, இறுக்கமாக மூடும் டப்பாவில் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டி மழையில் ஊறி அடி விட்டுவிடும். ரயில் சென்னை போய்ச் சேருமுன் பையிலிருக்கும் துணியெல்லாம் பாகாகிவிடும். வாங்கிய அன்றோ மறுநாளோ தின்று முடியுங்கள்.